நாக்குக்குத் தெரியாத அழுக்கு: குடிநீர் கேள்வி பதில்

இந்த முறை மதுரைச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உப்பைப் பற்றியவை. உப்பு, வாய் வைத்ததும் தெரிந்துவிடுகிறது. அதனால் அதன்மேல் எல்லோருக்கும் கவலை. ஆனால் உடனே படுக்கையில் தள்ளுவது ருசியே காட்டாத கிருமிதான். அதனால் உப்பே இல்லாத ஆற்றுத் தண்ணீர் வரும் ஒரு வீட்டின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் பேரூராட்சியில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள். திறந்ததும் ஐந்து நிமிடம் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வருகிறது. அப்புறம் தெளிந்துவிடும். குழாய், தெருமட்டத்துக்குக் கீழே குழிக்குள் இருக்கிறது. மோட்டார் போட்டால்தான் ஏறுகிறது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அடிக்கடி வயிற்றுப்போக்கு. தெளிந்த பிறகு பிடிப்பதைக் குடிக்கலாமா?
வாசகி, மதுரை மாவட்டம்

காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. தெளிந்துவிட்டது என்றால் மண்ணும் கசடும் போய்விட்டன என்றுதான் பொருள். கிருமி போய்விட்டது என்று பொருளில்லை.

என்ன நடக்கிறது என்றால், தண்ணீர் விடாத நாட்களில் தெருக்குழாய் காலியாகக் கிடக்கிறது. எங்காவது ஒரு இணைப்பு விட்டிருந்தால், ஓரத்துச் சாக்கடை நீர் அந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கித் தேங்குகிறது. திறந்துவிட்டதும் முதலில் வருவது அதுதான். இதோடு முடிந்தால் முதல் தண்ணீரை வழியவிட்டுச் சமாளித்துவிடலாம். ஆனால் நீங்கள் மோட்டார் போடுகிறீர்கள். குழாயில் அழுத்தம் இருந்தால் ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சும்போது அழுத்தம் விழுந்து, அதே ஓட்டை வழியாக வெளியில் இருப்பது உள்ளே வரும். ஐந்து நிமிடம் கழித்தும் அது வந்துகொண்டேதான் இருக்கும், நல்ல தண்ணீரோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் உறிஞ்சுவது உங்கள் வீட்டுக் குழாயை மட்டும் பாதிப்பதில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் டம்ளருக்கும் அது போகிறது.

குழி இன்னொரு வாசல். மழைத் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதில் நின்று, குழாய் வாய் மூழ்கியிருக்கும் நேரத்தில் தெருவில் அழுத்தம் குறைந்தால், அந்தக் குழித் தண்ணீர் பின்னோக்கி மெயின் குழாய்க்கே போகும். குழாயில் மாட்டிய ஓஸின் மறுமுனையை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தாலும் இதே கதைதான்.

ஓட்டை உங்கள் வீட்டு இணைப்பிலா, தெருக்குழாயிலா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கிருமியைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து கலப்பார்கள். அது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு பெட்டி ரசாயனக் கடைகளில் கிடைக்கும்; ஒரு கண்ணாடிக் குழல், ஒரு சொட்டு மருந்து, மஞ்சள் நிற அளவு அட்டை, அவ்வளவுதான். தண்ணீர் வந்து பத்து நிமிடம் ஆனதும் உங்கள் குழாய், இரண்டு பக்கத்து வீடுகள், தெருமுனைக் குழாய் என நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் பிடியுங்கள். பெட்டியில் சொன்ன அளவு சொட்டு விட்டு, பத்து விநாடிக்குள் நிறத்தை ஒப்பிடுங்கள். நேரம் போகப் போக மஞ்சள் கூடும். அது கழிவோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினையும் சேர்த்துக் காட்டுவது, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். மற்ற மூன்று இடத்திலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, உங்கள் வீட்டில் மட்டும் நிறமே வரவில்லை என்றால், குளோரினை ஏதோ ஒரு அழுக்கு தின்றுவிடுகிறது. மெயினிலிருந்து உங்கள் வீடு வரை வரும் குழாயில்தான் பழுது. தெரு முழுக்க நிறம் வரவில்லை என்றால் மெயினில் ஓட்டை, அல்லது மேல்நிலைத் தொட்டியில் மருந்தே போடவில்லை. இந்த நான்கு அளவையும் தேதி, நேரத்தோடு எழுதி மனுவில் சேருங்கள். "நாற்றமடிக்கிறது" என்று எழுதுவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

வீட்டு இணைப்புதான் என்றால், சாக்கடையைத் தாண்டும் இடத்தைத் தோண்டிப் பாருங்கள். பழைய இரும்புக் குழாய் பெரும்பாலும் அங்கேதான் துருப்பிடித்துப் பொத்துப்போகும். ஓட்டையில் ரப்பர் சுற்றிக் கம்பி கட்டுவது இரண்டு மாதம் தாங்காது. அந்தத் துண்டையே எடுத்துவிட்டு, நடுவில் இணைப்பே இல்லாத ஒரே நீளப் பிளாஸ்டிக் குழாயை, இன்னொரு பெரிய குழாய்க்குள் நுழைத்து, சாக்கடை நீர்மட்டத்துக்கு மேலாகக் கொண்டுபோக வேண்டும். வெளிக்குழாய் சாக்கடையின் இரு கரையையும் தாண்டி நீண்டிருக்க வேண்டும். மோட்டாரை நேரடி இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பல ஊர்களில் பறிமுதலே செய்கிறார்கள். தண்ணீர் தானாக வந்து விழும்படி ஒரு சம்ப் தொட்டி கட்டி, அதிலிருந்து மாடிக்கு ஏற்றுங்கள். சம்ப்பின் வாய் தரையைவிட அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும், உள்ளே வரும் குழாயின் வாய் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். செப்டிக் டேங்க் இருக்கும் பக்கத்தில் தோண்டவே கூடாது.

அதுவரை குடிக்கும் தண்ணீரை, தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். பிள்ளைகளுக்குப் போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டரில் கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். போக்கு நின்றதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. மலத்தில் ரத்தம், கண் உள்ளே போவது, சிறுநீர் போகாமை, எதுவாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

நான் வார்டு உறுப்பினர். எங்கள் ஒரு லட்சம் லிட்டர் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் "மருந்து வாடை, குடிக்க முடியலை" என்று ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்கள். போடாவிட்டால் காய்ச்சல், பேதி. எவ்வளவு போட வேண்டும்?
வாசகர், வாடிப்பட்டி வட்டம்

நிறுத்திவிடாதீர்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் உங்கள் தொட்டிக்கு 400 கிராம். பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் இது லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் ஆகும். தண்ணீரில் உள்ள அழுக்கு ஒரு பங்கைத் தின்றது போக, அரை மணி நேரம் கழித்துத் தொட்டியில் 0.5, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் 0.2 நின்றால் சரி. இந்தக் கடைசிக் குழாய்தான் முக்கியம். தொட்டிக்கு அடியில் சோதித்துவிட்டு நோட்டில் எழுதுவதில் பயனில்லை.

வாடைச் சண்டை வருவதற்கு அளவைவிடப் போடும் முறைதான் பெரும்பாலும் காரணம். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் தங்கும், ஒரு பக்கத் தண்ணீரில் மட்டும் மருந்து கூடும், முதலில் திறக்கும் தெருவுக்கு மூக்கைப் பொத்தும் வாடையும் கடைசித் தெருவுக்கு வெறும் தண்ணீரும் போகும். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை நிரப்பிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள். விழும் வேகமே கலக்கிவிடும். அதன்பின் அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்தே திறந்துவிட வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைத் தொட்டிக்குள் போடக் கூடாது.

பவுடரையும் பாருங்கள். மூட்டையைப் பிரித்து மோட்டார் அறையில் திறந்தே வைத்திருந்தால் ஈரமும் சூடும் பட்டு வீரியம் இறங்கிவிடும். கட்டிதட்டி, வாடை போயிருந்தால் நீங்கள் போடுவது வெறும் சுண்ணாம்பு. இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில், நிழலில், மின்பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பவுடரிலிருந்து கிளம்பும் காற்று இரும்பையும் செம்புக் கம்பியையும் அரிக்கும். கழிப்பறை ஆசிட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் வரும் வாயு ஆளைச் சாய்க்கும்.

வைகையில் புதுத் தண்ணீர் வரும் நாட்களில் 400 கிராம் போதாது. மண் கலங்கிய நீரில் கிருமி மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும், குளோரினையும் மண்ணே தின்றுவிடும். அரை மணி கழித்துச் சோதனையில் நிறம் வராவிட்டால் இன்னும் பாதி அளவு சேர்த்து மறுபடி சோதியுங்கள். கலங்கல் நிற்கும் வரை குடிதண்ணீரைக் காய்ச்சச் சொல்லித் தண்டோரா போடுவதும் அவசியம். தொட்டியை 15 நாளைக்கு ஒருமுறை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதுங்கள்.

ஜனங்களிடம் ஒன்றைச் சொல்லலாம்: லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை குளோரின் இருந்தாலும் உடலுக்குக் கேடில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் குழாயில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாடை பிடிக்காதவர்கள் அகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி, சில மணி நேரம் வைத்துவிட்டுக் குடிக்கட்டும். வாடை போய்விடும்.

எங்கள் போர் 450 அடி. டி.டி.எஸ். மீட்டரில் 1,400 காட்டுகிறது. ஆர்.ஓ. விற்க வந்தவர் 50-க்குக் கொண்டுவருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
வாசகர், உசிலம்பட்டி

அந்த மீட்டர் சொல்வது கரைந்த உப்பின் மொத்தத்தை மட்டும். எந்த உப்பு என்று சொல்லாது. கிருமியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500), கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருந்தால் ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது. ஆக 1,400 என்பது ருசிக்கேடு. அதற்குள் ஃப்ளூரைடோ நைட்ரேட்டோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃப்ளூரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வழியில்லாவிட்டால் 1.5. நைட்ரேட்டுக்கு 45-க்கு மேல் சலுகையே இல்லை. கருங்கல் பாறையில் ஆழமாகத் துளைத்த போர்களில் ஃப்ளூரைடு வருவது உண்டு. எட்டு வயதுக்குள் முளைத்துக்கொண்டிருக்கும் பல்லில் அது பழுப்புக் கோடு போட்டால் பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது. நைட்ரேட், மாட்டுக்கொட்டில், உரக்குழி, செப்டிக் டேங்க் பக்கத்துப் போர்களில் கூடும். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் இந்த இரண்டும் குறையாது. தண்ணீர் ஆவியாக ஆவியாகக் கூடத்தான் செய்யும்.

எனவே முதலில் ஆய்வகம், அப்புறம்தான் இயந்திரம். இரண்டும் வரம்புக்குள் இருந்தால், ஊர்க்குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் போர் தண்ணீரைப் புழங்கவும் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்.ஓ. தேவையில்லை. சட்டியில் வெள்ளைப் பொருக்குப் படிவதைப் பார்த்துச் சிறுநீரகக் கல் வரும் என்று பயப்படுகிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நம் ஊர் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் கல்லுக்குப் பெரிய காரணம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் ஒரு சின்னத் திருகை அவசியம் கவனியுங்கள். "டி.டி.எஸ். சரி செய்கிறேன்" என்று மெக்கானிக் திருப்பும் அந்தத் திருகு, மெம்பிரேன் என்ற உப்பு வடிகட்டும் சவ்வுக்குள் போகாத பச்சைத் தண்ணீரை வடிகட்டிய தண்ணீரில் கலக்கிறது. உங்கள் போரில் நைட்ரேட் 120 என்று வைத்துக்கொள்வோம். ருசி வேண்டும் என்று மூன்றில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் அதிலிருந்தே 40 வந்துவிடும். மெம்பிரேன் விட்டது ஒரு 10 சேர்ந்தால் 50, வரம்பைத் தாண்டிவிட்டது. மீட்டரோ 500 சொச்சம் என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். ஃப்ளூரைடு, நைட்ரேட் உள்ள போருக்கு அந்தத் திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள். சோறு உலை வைக்கவும் அதே ஆர்.ஓ. தண்ணீர்தான், அரிசி குடிக்கும் தண்ணீரும் வயிற்றுக்குள்தானே போகிறது.

கார்பன் வடிகட்டியை 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். உள்ளே போவது 1,400, வெளியே வருவது 280-க்கு மேல் என்றால், அந்தத் திருகு மூடியிருக்கும் நிலையில், மெம்பிரேன் போய்விட்டது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர்வரை கழிவாகப் போகும். தரை துடைக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, கார்பன் குளோரினை முழுக்க எடுத்துவிடுகிறது. ஆகவே ஆர்.ஓ. தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. அன்றன்றைக்குக் காலி செய்யுங்கள்.

ஃப்ளூரைடு உள்ள ஊரில் மழைத் தண்ணீர் மலிவான மாற்று. ஆயிரம் சதுர அடித் தட்டோட்டியில் 10 செ.மீ. மழை பெய்தால், முதல் கழுவுத் தண்ணீரை வெளியே விட்டது போக, 7,000 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கு வரும். குடிக்குமுன் காய்ச்ச வேண்டும், அவ்வளவே.

கேன் தண்ணீர் வாங்கினால் கவலையில்லைதானே?
வாசகி, திருமங்கலம்

கேனில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், நிரப்பிய தேதி, மூடியில் உடையாத சீல் மூன்றும் இருக்க வேண்டும். உள்சுவரில் பச்சை படிந்திருந்தாலோ, வெயிலில் அடுக்கி வைத்திருந்தாலோ திருப்பி அனுப்புங்கள். ஆனால் பல வீடுகளில் கேன் வந்தபின்தான் தண்ணீர் கெடுகிறது. கேனைப் பானையில் கவிழ்த்து, ஆளாளுக்குச் சொம்பை விட்டு மொண்டால் விரல் நகத்திலிருப்பது தண்ணீருக்குப் போகிறது. குழாய் வைத்த பானை வாங்குங்கள், அல்லது நீளக் கைப்பிடி அகப்பை ஒன்றை அதற்கென்றே தொங்கவிடுங்கள்.

எங்கள் அப்பத்தா தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்துத் தண்ணீர் ஊற்றுவார். செம்புக் குடத்தில் வைத்தும் குடிப்போம். இப்போதும் செய்யலாமா?
வாசகர், மேலூர்

தாராளமாக, கலங்கல் தெளிய. கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்துத் தண்ணீர் ஊற்றிவைத்தால் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படியும். கிருமியில் ஒரு பங்கும் அதோடு இறங்கும், எல்லாம் இறங்காது. செம்பு, இரவு முழுக்க வைத்தால் பல பாக்டீரியாக்களைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் உட்புறம் புளி போட்டுத் துலக்கிப் பளிச்சென்று இருக்க வேண்டும், தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும். சாக்கடை கலந்த சந்தேகம் இருக்கும் தண்ணீருக்கு இரண்டையும் நம்ப முடியாது. முதலில் தேத்தாங்கொட்டையில் தெளியவைத்து, மேலே தெளிந்ததை இறுத்துக் காய்ச்சுங்கள்.

வீட்டு சின்டெக்ஸ் டேங்கை எப்படிக் கழுவுவது?
வாசகி, சோழவந்தான்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தண்ணீரை வடித்து, சுவரையும் மூடியின் உட்புறத்தையும் பிரஷ்ஷால் தேய்த்து, அடிக்கசடைத் துணியால் அள்ளி எடுங்கள். சோப்பு வேண்டாம். பிறகு 1,000 லிட்டர் டேங்குக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்ததை ஊற்றி நிரப்புங்கள். வீட்டில் உள்ள எல்லாக் குழாயையும் மருந்து வாடை வரும்வரை திறந்து மூடி, நான்கு மணி நேரம் அப்படியே விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. முழுக்க வடித்து, ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி நிரப்புங்கள். நிரம்பி வழியும் குழாயின் வாயில் கொசுவலைத் துணி கட்டுவதைப் பலர் மறக்கிறார்கள்; பல்லி, கொசு எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன.

தண்ணீரைச் சோதிக்க எங்கே, எப்படிக் கொடுப்பது?
பலர் கேட்டது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் மதுரையில் இருக்கிறது; பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். உப்புச் சோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். போரை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசி, நிரப்பி மூடுங்கள்.

கிருமிச் சோதனைக்கு இந்த முறை செல்லாது. கிருமி நீக்கிய புட்டியை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் குளோரினை முறிக்கும் மருந்து கொஞ்சம் இருக்கும், ஆகவே அலசவே கூடாது. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தை விரல் தொடாமல் பிடித்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடுங்கள். ஐஸ் வைத்த டப்பாவில் ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. 24 மணி நேரம் தாண்டினால் அந்த முடிவு எதற்கும் உதவாது. மாடி டேங்க் தண்ணீரையும் தெருக்குழாய்த் தண்ணீரையும் தனித்தனிப் புட்டியில் கொடுங்கள். மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தெருக்குழாயில் இல்லாமல் டேங்கில் மட்டும் இருந்தால் பேரூராட்சிக்கு மனு எழுதுமுன் ஏணியை எடுத்து டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்.